பொட்டாசியம் போடாத தட்டு

ஆகஸ்ட் 4

மேடம் அவர்களுக்கு,

சண்டை ஓயும்வரை நான் சார், நீ மேடம். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து அப்படித்தானே. போன ஞாயிறு போனில் நாம் இருவரும் மாறி மாறிக் கத்தியதைப் பாப்பா கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறாள். மறுநாள் காலையில், "அப்பா, டைவர்ஸ்னா என்ன?" என்றாள். பல் துலக்கிக்கொண்டிருந்த எனக்கு நுரை தொண்டைக்குள் போய்விட்டது. ஆகவே உன் ஏற்பாட்டுக்குச் சம்மதம். போனில் பாப்பா விஷயம் மட்டும், நம் விஷயம் கடிதத்தில். காகிதத்தில் கத்தினால் யார் காதிலும் விழாது.

இப்போது நல்ல சேதி. பாப்பாவுக்குச் சொன்ன மாதிரியே உனக்கும் சொல்கிறேன், கொட்டாவி விடாமல் படி. "இலைக்கு வாய் இருக்கா?" என்று கேட்டாள். ஒன்றல்ல, ஆயிரக்கணக்கில் இருக்கிறது என்றேன். ஒவ்வொரு துளைக்கும் இரண்டு பக்கமும் இரண்டு காவல் செல்கள், உதடு மாதிரி. வெளிச்சம் பட்டதும் அவை வெளியே இருக்கிற பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அதன் பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகும். இரண்டு உதடும் உப்பி, வளைந்து, நடுவில் துளை திறக்கும். பொட்டாசியம் வெளியேறினால் தண்ணீரும் வெளியேறும். உதடுகள் தளர்ந்து துளை மூடிக்கொள்ளும். "அப்ப பொட்டாசியம் இல்லைன்னா இலை வாயே திறக்காதா?" என்றாள்.

திறக்காது என்றுதான் நீயும் நானும் படித்தோம். என் தட்டில் திறந்துவிட்டது.

பொட்டாசியம் போடாத தட்டு. சும்மா ஒப்பிட்டுப் பார்க்க ஓரமாக வைத்த தட்டு. கானாவாழை இலையின் தோலை உரித்து அதில் மிதக்கவிட்டு, விளக்கடியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் ஆவென்று திறந்து கிடக்கிறது. திரும்பத் திரும்பச் செய்தேன். ஒவ்வொரு முறையும் திறக்கிறது. பொட்டாசியம் இல்லாமலே, உள்ளே இருக்கிற சர்க்கரையை வைத்தே காவல் செல் சமாளித்துக்கொள்கிறது என்று எழுதப் போகிறேன். எங்கள் துறைத் தலைவர் என் முதுகில் தட்டினார். என்னை மேசை நாற்காலியோடு சேர்த்துப் பார்க்கிற மனிதர் அவர், தெரியும்தானே.

டிசம்பரோடு என் ஒப்பந்தம் முடிகிறது. உங்கள் நிறுவனத்தில் ஒரு நிரந்தர இடத்துக்கு விளம்பரம் வந்திருக்கிறது. இந்தக் கட்டுரை வந்தால் அந்த இடம் எனக்குத்தான். பாப்பாவை அழைத்துக்கொண்டு தலை நிமிர்ந்து வருவேன். இத்தனை நாள் தேய்ந்த செருப்புக்கு ஒரு விடிவு.

சார்


ஆகஸ்ட் 12

சாருக்கு,

அந்த வார்த்தைக்குப் பாப்பாவிடம் என்ன அர்த்தம் சொன்னாய் என்று எழுதவே இல்லை. நுரை எங்கே போனது என்று மட்டும் விலாவாரியாக எழுதியிருக்கிறாய். அவள் அடுத்த தடவை கேட்டால், அம்மா வேலைக்காகத் தூரத்தில் இருக்கிறாள், அதற்கு அந்தப் பெயர் இல்லை என்று சொல்.

கடிதத்தைத் தோள் பையைக்கூடக் கழற்றாமல் படித்தேன். சந்தோஷப்பட்டேன். இதைச் சந்தேகப்படாதே. நீ எத்தனை வருடம் அந்த மைக்ரோஸ்கோப்பில் கண்ணைக் கொடுத்துவிட்டுத் தலைவலியோடு வீட்டுக்கு வந்தாய் என்று எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு கேள்வி. அந்தத் தட்டில் ஊற்றிய பஃபர் கரைசலை எதை வைத்துச் சரி செய்தாய்? கரைத்ததும் அமிலமாகத்தானே இருக்கும். அமிலத்தைத் தணித்துப் பி.எச். ஏற்ற ஏதாவது ஒரு காரம் சொட்டியிருப்பாய். எந்தக் காரம்? கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால் எனக்கு எழுது.

இன்னொன்று. வேலை கிடைத்தால்தான் வருவேன் என்பதை எத்தனை விதமாகச் சொல்வாய்? எனக்கு ஒதுக்கிய குடியிருப்பில் இரண்டு அறை. ஒன்றில் நான் தூங்குகிறேன். இன்னொன்றில் இஸ்திரி மேசையும் நீ அனுப்பிய அட்டைப்பெட்டிகளும் குடியிருக்கின்றன. நீயும் பாப்பாவும் வந்து இருக்கலாம் என்று நான் சொன்னபோதெல்லாம், "உன் புருஷன்னு சொல்லிக்கிட்டு அந்த வளாகத்துல என்னால சுத்த முடியாது" என்றாய். சொல்லிக்கொள்வதில் என்ன கேவலம்? பொய்யா அது?

பதில் போடு. காரம் எது?

நான்


ஆகஸ்ட் 20

மேடம்,

ஒரு மனுஷன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு நல்ல சேதி சொல்கிறான். அதற்கு வீட்டிலிருந்து வருகிற பதில், காரம் எது. குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக் கேட்கிற மாதிரி, கடைசி வரியில் இன்னொரு தடவை வேறு.

நான் என்ன நேற்றுச் சேர்ந்த மாணவனா? கேட்டுக்கொள். இலைத்தோலை உரிக்கும்போது கிழிகிற செல்களிலிருந்து பொட்டாசியம் கசியும் என்று எனக்குத் தெரியும், அதனால் திரும்பத் திரும்பக் கழுவினேன். விரல் வியர்வையில்கூட அது இருக்கும், அதனால் கையுறை. கண்ணாடித் தட்டில் பழைய உப்பு ஒட்டியிருக்கும், அதனால் புதுப் பிளாஸ்டிக் தட்டு. குழாய்த் தண்ணீரைக் கிட்டவே விடவில்லை, மறுபடி மறுபடி காய்ச்சி வடித்த தண்ணீர். இலையைப் பறிக்கிற கத்தரிக்கோலைக்கூடத் துடைத்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். பஃபரை மட்டும் என்ன புதிதாகச் செய்யப் போகிறேன்? நம் ஆய்வகத்தில் வழக்கமாகச் செய்கிறபடிதான்.

கட்டுரையை நேற்று அனுப்பிவிட்டேன். உங்கள் நிறுவனத்துக்கு விண்ணப்பமும் போய்விட்டது. நேர்முகத் தேர்வு அக்டோபர் முதல் வாரம் என்கிறார்கள்.

வளாகத்தில் சுற்றுவதைப் பற்றி. உனக்கு அது புரியாது. இங்கே நாம் இருவரும் ஒரே மேசையில் நின்றோம். உனக்கு அங்கே இடம் கிடைத்தது, எனக்கு இங்கே ஒப்பந்தம் நீண்டது. கொடுத்து வைத்தவள், போனாய். நான் பொறாமைப்படவில்லை, அதுவும் உனக்குத் தெரியும். ஆனால் மாலையில் உன் அலுவலக வாசலில் பாப்பாவின் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்று, வருகிறவர் போகிறவர் எல்லாரும் "சார் என்ன பண்றீங்க?" என்று கேட்டு, நான் பல்லிளித்து... முடியாது. ஒரு தடவையாவது எனக்கென்று ஒன்று இருக்கட்டும். அதிலும் போய் ஓட்டை தேடாதே.

பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. போனில் சொல்ல வேண்டாமாம், நேரில்தான் காட்டுவாளாம். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

சார்


செப்டம்பர் 1

சாருக்கு,

நான் கேட்டது ஒன்று. நீ கையுறை, கத்தரிக்கோல், தண்ணீர், தட்டு என்று ஊரையே சுற்றிக் காட்டிவிட்டு, கேட்டதற்கு மட்டும் வாயே திறக்கவில்லை. கடைசியில் "வழக்கமாகச் செய்கிறபடி" என்றாய். எனக்கு அந்த வார்த்தை போதும்.

அந்த மேசையில் நானும் நின்றிருக்கிறேன். பி.எச். மீட்டருக்கு வலப்பக்கம் எப்போதும் ஒரு பாட்டில் இருக்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. யாரும் யோசிப்பதில்லை, கை தானாக அங்கே போகும். என் கையும் அப்படித்தான் போனது. அதில் தப்பும் இல்லை. நம் தட்டு எல்லாவற்றிலும் எப்படியும் பொட்டாசியம் போடத்தான் போகிறோம், காரத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் என்ன கெட்டுவிடும்? அங்கே செய்த எந்தச் சோதனையிலும் அது கெடுதல் செய்ததில்லை. பொட்டாசியமே இருக்கக் கூடாத ஒரு தட்டை வைத்தவன் நீ ஒருவன்தான். வாசலை எல்லாம் பூட்டிவிட்டு, அதை நீயே கையில் எடுத்து உள்ளே ஊற்றியிருக்கிறாய்.

யூகத்தில் பேசுகிறேன் என்று சொல்வாய் என்பதால் செய்தும் பார்த்தேன். எங்கள் கேன்டீனுக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் கானாவாழை காடாகக் கிடக்கிறது. குனிந்து பறித்ததில் சமையல்காரர், "மேடம், கீரை வேணும்னா கேக்கலாமில்ல?" என்றார். இரண்டு தட்டு வைத்தேன். இரண்டிலும் பொட்டாசியம் உப்புப் போடவில்லை. ஒன்றின் பஃபரை நம் பழைய வழக்கப்படி சரி செய்தேன். இன்னொன்றுக்குப் பொட்டாசியமும் சோடியமும் இல்லாத வேறொரு காரம். சோடியமும் சமயத்தில் துளையைத் திறந்துவிடும், அதனால் காஸ்டிக் சோடாவையும் தொடவில்லை. முதல் தட்டில் எல்லாம் திறந்தது, நீ எழுதியபடியே. இரண்டாவதில் எல்லாம் மூடியே கிடந்தது. அதே செடி, அதே விளக்கு.

அதைப் பார்த்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? தட்டை நானே மாற்றி வைத்துவிட்டேனோ என்று இன்னொரு முறை செய்தேன். என் கணக்குத் தப்பாகிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஒரு சோதனை செய்தது இதுதான் முதல் தடவை.

நேற்று நடைவழியில் இயக்குநர் நிறுத்தினார். "உங்க வீட்டுக்காரர் விண்ணப்பம் பார்த்தேன். அந்தப் பொட்டாசியம் விஷயம்தான் இப்ப பேச்சே. நீங்களும் அதே துறைதானே, என்ன நினைக்கிறீங்க?" என்றார். "நான் அவரோட மனைவி சார், என்கிட்ட கேக்காதீங்க" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர் அதை அடக்கம் என்று நினைத்திருப்பார். நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பாட்டிலைப் போய்ப் பார். பார்த்துவிட்டு எழுது.

நான்


செப்டம்பர் 7

மேடம் அவர்களுக்கு,

பெரிய மனது உங்களுக்கு. கட்டின புருஷனின் சோறு தண்ணீரில் மண் விழுகிறதா என்று இரண்டு தட்டு வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறீர்கள். அதுவும் ஒரு தடவை அல்ல.

நான் வரக் கூடாது என்றால் நேராகவே சொல்லிவிடலாம். அங்கே தனி வீடு, தனி மேசை, நடைவழியில் நிறுத்திப் பேசுகிற இயக்குநர். நடுவில் நான் எதற்கு? கல்லூரியிலும் இப்படித்தான். நான் விடையை எழுதி முடித்து நிமிர்ந்தால், நீ எட்டிப் பார்த்து ஒரு இடத்தில் விரலை வைப்பாய். எப்போதும் சரியான இடத்தில்தான் வைப்பாய். அதுதான் எனக்கு வேப்பங்காயாகக் கசக்கிறது.

பாட்டிலைப் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன். அந்த மேசைப் பக்கம் போகவே இல்லை நான்.

எங்கள் தலைவரிடம் உன் பெயரைச் சொல்லாமல் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். "கட்டுரை போயாச்சு. இப்ப எதுக்கு இதைப் போய்க் கிளறணும்? தப்புன்னா யாராவது பத்து வருஷம் கழிச்சு எழுதுவாங்க, அப்ப பார்த்துக்கலாம்" என்றார். அவர் சொன்னதில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. உன்னிடம் மட்டும் நிம்மதி கிடைக்காது.

சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிடு. இயக்குநர்தான் காத்துக்கொண்டிருக்கிறாரே.

(கையெழுத்து எதற்கு?)


செப்டம்பர் 15

முட்டாளுக்கு,

சார், மேடம் எல்லாம் போதும்.

நீ வரக் கூடாது என்று நினைக்கிறவளாக இருந்தால், நான் செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம். ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம். கேள்வி கேட்காமல், தட்டு வைக்காமல், வாழ்த்து அட்டை ஒன்று அனுப்பிவிட்டுக் கம்மென்று இருந்திருந்தால் வேலை கிடைத்து வந்திருப்பாய். அடுத்த வருடமோ அதற்கு அடுத்த வருடமோ, இந்த நிறுவனத்திலேயே யாராவது ஒரு பொடியன் அதே சோதனையைச் செய்து பார்த்திருப்பான். அப்போது எல்லாரும் உன்னைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்திருப்பார்கள். எனக்கு அதுகூடப் பெரிதில்லை. நீ என் முகத்தைப் பார்த்து, "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டிருப்பாய். அதற்கு நான் என்ன சொல்ல?

இத்தனையும் தெரிந்துகொண்டுதான் அந்த இரண்டாவது தட்டைப் பார்த்தேன். நீ வருவதற்கு இருந்த ஒரே வழியை என் கையாலேயே அடைத்துக்கொள்கிறேன் என்று தெரிந்துதான் உனக்கு எழுதினேன். எனக்குக் கோபம் வராதா? இந்த ஊரில் எனக்குக் காய்ச்சல் வந்தால் கேட்க ஆளில்லை. பக்கத்து வீட்டு நூலகர் அம்மா பாவம், அவரிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறேன், நான் விழுந்து கிடந்தால் கதவைத் திறக்க. என் மகளுக்குப் பல் விழுந்ததை நான் தெரியாத மாதிரி நடிக்க வேண்டியிருக்கிறது. நீ என்னமோ நான் இங்கே சிம்மாசனத்தில் இருப்பதாக எழுதுகிறாய்.

விரலை வைக்கிறேன் என்றாயே. உண்மை. உன் விடைத்தாளில் மட்டும்தான் வைத்தேன். மற்றவர்கள் தப்பாக எழுதினால் எனக்கென்ன போயிற்று?

இயக்குநரிடம் நான் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை. யார் கேட்டாலும் அந்தப் பழைய பதில்தான். நேர்முகத் தேர்வு நடக்கிற வாரம் மலைமேல் இருக்கிற எங்கள் கள நிலையத்துக்குப் போகிறேன் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். போனுக்கு அங்கே சிக்னல் கிடையாது, தபால் வரும். நான் பக்கத்தில் இருந்தால் என் முகத்தைப் பார்த்தே எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். நீ வந்து உன் இஷ்டம் போலப் பேசிவிட்டுப் போ. சாவி நூலகர் வீட்டில் இருக்கிறது, விடுதியில் தங்காதே.

சொல்வதும் சொல்லாததும் உன் பாடு. நான் உன்னை விட்டுப் போக மாட்டேன், எதைச் செய்தாலும். ஆனால் சந்தோஷமாக இருப்பேன் என்று சத்தியம் செய்ய முடியாது.

நான்


அக்டோபர் 4

உனக்கு,

உன் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நூலகர் அம்மா சாவி கொடுப்பதற்கு முன்னால் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முட்டாள்னு ஒருத்தர் வருவாருன்னு சொல்லிட்டுப் போனாங்க, நீங்கதானா?" என்றார். பாப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய். இருக்கட்டும்.

உன் கடிதம் வந்த அன்று அந்த மேசைக்குப் போனேன். பாட்டில் நீ சொன்ன இடத்திலேயே இருந்தது. அதைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால்தான் பார்க்காமல் இருந்தேன், வேறொன்றும் இல்லை. பிறகு நீ செய்தபடியே பொட்டாசியமும் சோடியமும் இல்லாத காரத்தை வைத்து மறுபடி செய்தேன். ஒரு துளைகூடத் திறக்கவில்லை. அந்தத் தட்டிலேயே ஒரு சிட்டிகை பொட்டாசியம் உப்பைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஒவ்வொன்றாகத் திறந்தன. எத்தனை வருடம் பார்த்த காட்சி, இருந்தும் எழுந்திருக்க மனம் வரவில்லை. அழகாகத்தான் இருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். தலைவர் என்னோடு பேசுவதில்லை. டிசம்பருக்குப் பிறகு அங்கே என் நாற்காலிகூட என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாது.

நேற்று நேர்முகத் தேர்வு. உங்கள் இயக்குநரும் வெளியூர் நிபுணர் இருவரும். முதல் கேள்வியே அதுதான். அந்தத் தட்டில் பொட்டாசியம் இருந்தது, ஊற்றியது நான், கண்டுபிடித்தது என் மனைவி என்று சொன்னேன். ஒரு நிபுணர் பேனாவை மூடி வைத்துவிட்டார். இயக்குநர், "இதைச் சொல்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? ஒரு மெயில் போட்டிருக்கலாமே?" என்றார்.

"இல்ல சார், என் மனைவி இந்த ஊர்ல இருக்காங்க. எப்படியும் வரணும்னு இருந்தேன்" என்றேன்.

வீரமாகச் சொன்னேன் என்று நினைக்காதே. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன், காது சுட்டது. உன் மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். உன் முதல் கடிதத்திலேயே "பொட்டாசியம் ஹைட்ராக்சைடா?" என்று நேராகக் கேட்டிருக்கலாம். கட்டுரையை அனுப்பியிருக்க மாட்டேன். அனுப்பியிருப்பேனோ என்னவோ. இதைப் பற்றி ஒரு பெரிய சண்டை பாக்கி இருக்கிறது, அதைக் காகிதத்தில் போட முடியாது.

வேலை கிடைக்காது. இயக்குநர் கை குலுக்கிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. திரும்புவதற்கு இன்று ரயில் இருந்தது. காலையில் பெட்டியைக் கட்டிவிட்டுப் பாப்பாவைத் தேடினால், உன் இஸ்திரி மேசைக்குக் கீழே படுக்கை விரித்துக்கொண்டு, "இது என் ரூம்" என்றாள். பெட்டியைப் பிரித்துவிட்டேன். ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கிற மாதங்கள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். பாப்பாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழை ஒரு நாள் போய் வாங்கி வருகிறேன்.

இன்று மாலை உங்கள் வளாகத்தில் நடந்தோம். தண்ணீர்ப் பாட்டில் என் கையில்தான். வாயில் காவலர் நிறுத்தி, "சார் யாரு, எந்தப் பிரிவு?" என்று கேட்டார். உன் பெயரைச் சொல்லி, அவர் புருஷன் என்றேன். "அப்படியா, உள்ள போங்க" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவ்வளவுதான்.

மலையில் உன் வேலை முடிந்ததும் வா. நாங்கள் வீட்டில் இருப்போம்.